உரிக்காத தாள்

வழி கேட்க வந்தவர் நீட்டிய செல்போனை வாங்கிய சசிரேகா, வரைபடத்தைப் பார்க்கவில்லை. போனின் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டாள். "வாங்கி ஆறு மாசம் ஆகியிருக்கும் போல கீது, இன்னும் சட்டையே கழட்டலையா நீ? உள்ள வெந்துகினு கீது பாரு. நேரா போய் ரெண்டாவது லெஃப்ட்டு." அவர் திட்டுக்கு நன்றி சொல்வதா, வழிக்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் நடந்தார்.

புது ஃப்ரிட்ஜின் கதவில், பைக்கின் மீட்டரில், டி.வி. ரிமோட்டில் என்று நம் ஆட்கள் வருஷக்கணக்கில் உரிக்காமல் காப்பாற்றி வைக்கும் தாள்களைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். சொந்த அண்ணன் கிரகப்பிரவேசத்துக்குப் போய், புது ஃப்ரிட்ஜை உரித்துவிட்டு அண்ணியிடம் ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவள் அவள்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் ரோட்டில், டயர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய லேப்டாப் சர்வீஸ் கடை. பத்துக்கு எட்டு, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு பழைய மானிட்டர். கல்லூரிப் பிள்ளைகளின் மெல்லிசு லேப்டாப்கள் அவளிடம் அதிகம் வருவதில்லை. கார், லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் டிசைன் போடுகிறவர்கள் தூக்கிச் சுமக்கிற கனத்த ஒர்க்ஸ்டேஷன்கள்தான் வரும். அவற்றில் பலவற்றில் கிராபிக்ஸ் கார்டைத் தனியே கழற்றலாம். சின்னதை எடுத்துவிட்டுப் பெரியதைப் போடலாம், மங்கிய திரைக்குப் பதில் நல்ல திரை மாட்டலாம்.

திரையில் கோடு விழுகிறது என்று யார் வந்தாலும் அவள் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டாள். சுவர் மானிட்டரின் வயரை லேப்டாப்பில் செருகுவாள். கோடு சுவரிலும் விழுந்தால் கோளாறு கார்டில். லேப்டாப்பில் மட்டும் விழுந்தால் திரையில், அல்லது திரைக்குப் போகும் பட்டை வயரில். மொத்தம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தைக்கூடச் செலவழிக்காமல் 'டிஸ்ப்ளே போச்சு', 'போர்டு போச்சு' என்று எழுதிக் கொடுக்கும் மகானுபாவர்களை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நாடி கூட புடிச்சுப் பாக்கல, பாடைக்கு மூங்கில் வெட்டப் போய்ட்டான்" என்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நகப்பூச்சே போடாத அவள் மேஜையில் எப்போதும் ஒரு சிவப்பு நகப்பூச்சு பாட்டில் இருக்கும். கார்டின் மேல் சூடு வாங்க உட்காரும் செம்புத் தகட்டை முடுக்கியதும், அதன் நான்கு ஸ்க்ரூவிலும் ஒவ்வொரு பொட்டு வைப்பாள். முன்பு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனி லைனில் ஏழு வருஷம் நின்றபோது கற்ற பழக்கம். "நான் தொட்ட மெஷின்ல பொட்டு இருக்கும். பொட்டு இருந்தா நான் பொறுப்பு. அவ்ளோதான்."

அந்தக் கம்பெனியில் கற்றது இன்னொன்றும் இருக்கிறது. ஒருநாள் ஒரு மெஷின் தானாகச் சூடேறி ஒரு தட்டு போர்டுகளைக் கருக்கிவிட்டது. தாளில் 'ஆபரேட்டர் எரர்' என்று எழுதி, கையெழுத்து போடச் சொல்லி அவளிடம் நீட்டினார்கள். இருபத்துமூன்று வயது. போட்டாள். அடுத்த மாதம் மெஷினின் ஹீட்டர்தான் கோளாறு என்று ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனார்கள், தாளை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் வரவே இல்லை. இன்றைக்கும் கூரியர்காரரை நிற்கவைத்து, பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து போடுவாள்.

அதனால்தான் போன புரட்டாசியில் வேல்விழி கொண்டுவந்த தாளைப் படித்ததும் அவள் முகம் அப்படிச் சிவந்தது.

வேல்விழிக்குத் தென்காசிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் விடுதி, ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்கு வருகிறாள், காண்ட்ராக்டில் டிசைன் போடுகிறாள். பெரிய டிசைன் படத்தைத் திரையில் சுற்றித் திருப்பினால் அவள் லேப்டாப்பில் கோடு கோடாக விழுந்து, அப்படியே நின்றுவிடுகிறது. கம்பெனி ஐ.டி. ஆள் வந்தான், மூடியில் ஒரு கீறலைப் பார்த்தான், போய்விட்டான். மறுநாள் தாள் வந்தது: 'எனது கவனக்குறைவால் மடிக்கணினி கீழே விழுந்து திரை சேதமடைந்தது.' கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம். நான்கு மணிக்குள் கையெழுத்து போடாவிட்டால் நாளை கேட்டுக்குள் விட மாட்டார்களாம். போட்டால் அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்களாம். டீம் லீடர் இரக்கப்பட்டு, மூன்று மணி வரை வெளியே போய்வர அனுமதி வாங்கித் தந்திருந்தார்.

"நான் கீழ போடவே இல்லக்கா. அந்தக் கீறல் எங்கிட்ட தரும்போதே இருந்துச்சு. சொன்னா நம்ப மாட்டுக்காவ."

"தொறந்து பாத்தானா அவன்?"

"இல்லக்கா."

"தொறக்காமயே லெட்டர் அடிச்சுட்டானா? இன்னா ஊருடா இது."

சசிரேகா தாள் பறக்காமல் அதன் மேல் நகப்பூச்சு பாட்டிலை வைத்தாள். சுவர் மானிட்டரின் வயரைச் செருகினாள். வேல்விழி படத்தைத் திறந்து திருப்பியதும், லேப்டாப்பில் விழுந்த அதே கோடுகள் சுவரிலும் வரிசையாக இறங்கின.

"பாத்தியா? உன் ஸ்க்ரீன் மேல ஒரு குத்தமும் இல்ல. கார்டு சூட்டுல சாவுது. உள்ள யாரு கை வச்சாங்க?"

"ஆடி மாசம் எல்லாருக்கும் பெரிய கார்டு போடுதோம்னு ஒரு நாள் வாங்கிட்டுப் போனாவக்கா. அப்பவே லேசா சுட ஆரம்பிச்சுச்சு."

"எந்த பேமானி போட்டான்னு பாக்குறேன். வேலை தெரியாதவன்லாம் ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிகினு வந்துர்றான், மாட்டிக்கிறது பொண்ணுங்க." பேசிக்கொண்டே அடிமூடியைக் கழற்றி, விசிறியை ஒதுக்கினாள். அப்புறம் குனிந்து உள்ளே பார்த்தாள்.

செம்புத் தகட்டின் நான்கு ஸ்க்ரூவிலும் நான்கு சிவப்புப் பொட்டுகள்.

வேல்விழிக்கு அது என்னவென்று தெரியாது. அக்கா யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். சசிரேகா மெதுவாகத் தகட்டைத் தூக்கினாள். தகட்டுக்கும் சில்லுகளுக்கும் நடுவே, சூட்டைக் கடத்துவதற்கு ரப்பர் மாதிரி மெத்தென்ற ஒரு பட்டை வைப்பார்கள். அது வரும்போது இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், இரண்டையும் உரித்துவிட்டு வைக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் உரிக்கவில்லை. வெந்து சுருங்கிய தாள், ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.

ஆடி மாதத்தில் ஒரு காலை. பல கம்பெனிகளின் லேப்டாப் பராமரிப்பை எடுத்திருக்கும் தமிழ்வாணன் பன்னிரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து அடுக்கி, சாயங்காலம் வேண்டும் என்றான். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. ஊரான் வீட்டு ஃப்ரிட்ஜையெல்லாம் உரித்த கை, தன் மேஜையில் ஒன்றை விட்டுவிட்டது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

தாளை உரித்துக் கூடையில் போட ஒரு நொடி போதும். மெஷினும் ஓடும். ஆனால் நன்றாக ஓடுகிற மெஷினோடு வேல்விழி போய் நின்றால், உடைத்ததை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டாள் என்பார்கள், அந்த லெட்டர் அப்படியே நிற்கும். இந்தப் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் இந்தச் சுருங்கிய தாளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

தமிழ்வாணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், வேல்விழியும் கேட்கட்டும் என்று.

"ஆடில பன்னெண்டு குடுத்தியே, அதுல ஒண்ணுல நான் பிளாஸ்டிக்க உரிக்காம வச்சுட்டேன். அதுக்கு ஒரு காண்ட்ராக்ட் பொண்ணு கிட்ட கையெழுத்து கேக்குறாங்க."

"யக்கா, சத்தம் போடாத. உரிச்சுட்டுக் குட்த்துரு. அது காண்ட்ராக்ட் பொண்ணு தானே, வேற எடம் பாத்துக்கும். நீ வாயத் தொறந்தா அந்தக் கம்பெனி எனக்குப் போச்சு. அப்பறம் உனக்கு ஒரு மெஷின் கூட என்கிட்டேர்ந்து வராது, சொல்லிட்டேன்."

"வராட்டி போவுது. மீதி பதினொண்ணையும் நாளைக்கு எடுத்துகினு வா, தொறந்து பாக்கணும்."

"யார்னா கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"ஆபரேட்டர் எரர்னு சொல்லு. இந்த வாட்டி ஆபரேட்டர் நான்தான்."

வைத்துவிட்டாள். அவள் கடைக்கு வரும் பத்து மெஷினில் ஆறு தமிழ்வாணன் கொடுப்பது. வேல்விழி எழுந்து நின்றுவிட்டாள். "எனக்காவ எதுக்குக்கா நீங்க..."

"உனக்காக ஒண்ணும் இல்ல. ஒக்காரு."

புதுப் பட்டை எடுத்து, இரண்டு பக்கமும் உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் நகத்தால் தடவிப் பார்த்து வைத்தாள். தகட்டை முடுக்கி, மறக்காமல் நான்கு பொட்டும் வைத்து மூடினாள். வேல்விழி அரை மணி நேரம் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு கோடு விழவில்லை.

மணி இரண்டே கால். சசிரேகா பாட்டிலை நகர்த்தி அந்தத் தாளை எடுத்தாள். 'எனது கவனக்குறைவால் மடிக்கணினி' என்பதை அப்படியே விட்டாள். 'கீழே விழுந்து திரை' என்ற மூன்று சொற்களை அடித்தாள். வேல்விழியின் பெயரை அடித்து, சசிரேகா, லேப்டாப் சர்வீஸ், ஒரகடம் என்று எழுதினாள். சுருங்கிய பிளாஸ்டிக் தாளை ஓரத்தில் வைத்து ஸ்டேப்ளர் அடித்தாள். நடந்ததை இரண்டு வரியில் எழுதி, கையெழுத்து போட்டாள்.

வேல்விழி தாளுக்குக் கை நீட்டினாள். "இரு" என்றாள் சசிரேகா. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, அது காயும் வரை ஊதிக்கொண்டிருந்தாள்.