வீங்கிய விரலில் மெட்டி

காயத்தைக் கழுவிக் கட்டுவது பழகிவிட்டால் எளிது. வீங்கிய விரலிலிருந்து கல்யாண நகையை எடுப்பது மட்டும் கடைசிவரை பழகாது. சோப்பு நுரையோடு ஒரு மோதிரத்துடன் மல்லுக்கட்டியவர்கள் உங்களில் இருந்தால் நான் சொல்வது புரியும். கொல்லிமலைக்கு ரோடு வருவதற்கு முந்தைய வருடங்களில், மேலே ஒரு சிறிய மருந்தகத்தில் கட்டுப் போடும் வேலை எனக்கு. டாக்டர் வியாழக்கிழமை மட்டும் அடிவாரத்திலிருந்து நடந்து ஏறி வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டரய்யா.

வராத மோதிரம்

மிளகு வாங்க மனைவியோடு மலையேறி வந்த ஒரு குடியானவரைத் தேனீ கொட்டிவிட்டது. மோதிர விரல் கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது. மோதிரம் கல்யாணத்தன்று மாமனார் போட்டது. விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து மெல்லப் பிரித்துக்கொண்டே வந்தால், மோதிரமும் கூடவே நகரும். அரைமணி நேரம் ஆயிற்று. மோதிரம் இருந்த இடத்தில், வெயிலே படாத தோல் வளையமாக வெளுத்திருந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காட்டு வேலைக்குப் போறப்பக் கழட்டி வையுங்கன்னா, வரமாட்டேங்குது புள்ளேன்னே சொல்லுவாருங்க. பதினெட்டு வருசமா பொய்யின்னே நெனச்சுட்டேன்.”

அவரு இருக்கையில

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அப்படிக் குண்டனி நாட்டிலிருந்து வெள்ளையன் தன் மனைவி பாப்பாயியைத் தாங்கி நடத்திக் கூட்டிவந்தார். சாமை அறுப்பில் முள் ஏறி, கால்விரல் சீழ் வைத்திருந்தது. வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது. நூல் வேலையெல்லாம் அங்கே செல்லாது. இன்றே மெட்டியை வெட்டாவிட்டால், வியாழக்கிழமை டாக்டர் விரலைத்தான் வெட்டுவார் என்றேன்.

“விரலை எடுத்துக்கட்டுமுங்க. அவரு இருக்கையில மெட்டியை எடுக்கப்படாது.”

“நாந்தான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறனே, எனக்கென்ன ஆகிரும்?” என்றார் வெள்ளையன்.

“சும்மா இருங்க. போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்பவும் இதேதான் சொன்னீங்க.”

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். மற்றக் காலில் இன்னொரு மெட்டி இருக்கிறதே, இது வெறும் வெள்ளிதானே என்று சொல்லிவிட்டேன். பாப்பாயி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

வழி சொன்னது வெள்ளையன்தான். தாலிச் சரடு மாற்றும்போது புதியதைக் கட்டிய பிறகுதானே பழையதை எடுக்கிறோம். இதற்கும் அப்படிச் செய்தால் என்ன? என்னிடம் இருந்த நூலைப் புண் கழுவும் மஞ்சள் மருந்தில் நனைத்துக் கொடுத்தேன். அவருக்கு மரம் வெட்டிக் காய்த்த கை. பக்கத்து விரலில் கட்ட மூன்று முறை முயன்றார். முடிச்சு கோணலாக விழுந்தது. பாப்பாயி காலை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப வெட்டுங்க சாமி. நான் கத்துனாலும் நிறுத்தாதீங்க.”

கத்தரியின் பழக்கம்

விரல் பிழைத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினேன். நான்காம் முறை பாப்பாயி தனியாகவே நடந்து வந்தார். வெள்ளையன் அறுப்பில் இருந்தார். புண் நன்றாக ஆறியிருந்த நிம்மதியில், பழக்கப்படி கட்டுக்கு அடியில் கத்தரியை ஓட்டினேன். பழைய துணியோடு பக்கத்து விரலில் இருந்த மஞ்சள் நூலும் அறுந்து தட்டில் விழுந்தது. இருவரும் பார்த்தோம்.

நாளைக்கு அவரை அழைத்து வாருங்கள், அவரே கட்டட்டும் என்றேன்.

“ஐயோ, அவருகிட்டச் சொல்லீறாதீங்க. எனக்காகக் கட்டுனாருன்னா நெனச்சீங்க? தெனமும் விடிஞ்சதும் அது இருக்குதான்னு குனிஞ்சு பாக்குறாருங்க.”

வேறு நூலை மஞ்சள் மருந்தில் நனைத்துக் கட்டப் போனேன். பாப்பாயி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே கட்டினார். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்தியில்லை. அவிழ்த்து, கோணலாக இழுத்து மறுபடி கட்டினார்.

“நீங்க கட்டுனா முடிச்சு நேரா விழுந்துருமுங்க. அவரு கண்டுபிடிச்சுருவாரு.”

பன்னிரண்டு வருடம் கட்டுப் போட்டதில், என் முடிச்சு சரியாக இருப்பதைக் குறையாகச் சொன்னவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.