குதிகாலில் சுருக்கம் விழும் வரை

டிசம்பர் பிறந்ததிலிருந்து என் கணவர், "நாளைக்கு ஸ்டார் மாட்டிருவோம்" என்று தினமும் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மதுரை கோச்சடையில் எங்கள் தெருவில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்காத ஒரே கிறிஸ்தவ வீடு எங்களுடையதுதான். பொறுமையிழந்து நானே ஏணியில் ஏறினேன். ஸ்டாரை மாட்டியும்விட்டேன். இறங்கும்போது ஏணி வழுக்கி, நேராகக் குதிகாலில் வந்து விழுந்தேன்.

ஸ்கேனைப் பார்த்த எலும்பு டாக்டர், வலது குதிகால் எலும்பு நொறுங்கி மூட்டும் அமுங்கியிருக்கிறது, பிளேட் வைத்து ஸ்குரூ போட வேண்டும் என்றார். "ஆனா இப்ப முடியாதும்மா. வீக்கம் வத்தி, தோல்ல சுருக்கம் விழணும். அதுக்கு முன்னாடி கத்தி வச்சா புண்ணு ஆறாது." முகத்தில் சுருக்கம் விழாதிருக்க நான் இத்தனை காலம் பூசிய க்ரீம்களை நினைத்துக்கொண்டேன். வேண்டிய இடத்தில் மட்டும் அது விழுவதில்லை.

காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து வீட்டிலேயே கிடந்தேன். சபையார் சாரிசாரியாக வந்தார்கள். "இந்த வயசுல உனக்கெதுக்கு ஏணி?" என்று விசாரித்த பிறகுதான் ஜெபமே தொடங்கியது. தன் காலையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத ஆடு என் காலைத் தூக்கி நிறுத்தும் என்று ஆளுக்கொரு தூக்கில் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டுவந்தார்கள்.

என் நாத்தனாருக்குச் சூப்பில் நம்பிக்கையில்லை. "ஏ தம்பி, டாக்டரு வெட்டத் தெரியாமத்தான் நாளக் கடத்துறாரு. கட்டு போடுற வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போவோம். எண்ணெய போட்டு நல்லா நீவிவிட்டு, முட்டைக்கட்டு போட்டா ஓடவே ஆரம்பிச்சிருவா" என்றார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். என் கணவர் கல்லே இல்லை. மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ நின்றது.

கொப்புளம் கண்டிருக்கும் காலை நீவுவதா? வகுப்பில் நின்றபடியே பாடம் நடத்திப் பழகியவள் நான். இனி நடக்கவே முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் விழுந்த நாளிலிருந்தே தூங்காமல் கிடந்தேன்.

"நீவணும்னா உங்க தம்பி கால நீவுங்க மதினி. ஏணி ஏறாத காலு, நல்லா இருக்கு" என்றேன். அவர் கோபித்துக்கொண்டு அதே ஆட்டோவில் கோரிப்பாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒருவழியாகச் சுருக்கம் விழுந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மாசக்கணக்கில் காலை ஊன்றாமல் வாக்கரில் தத்தினேன். கடைசியில் டாக்டர் நடக்கச் சொன்னார். "சமதரையில நல்லா நடப்பீங்க. மேடு பள்ளத்துல மட்டும் பாத்து. பாதம் பழையபடி ரெண்டு பக்கமும் திரும்பாது."

மதுரையில் சமதரைக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

வெளியே ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கல்யாணமானதிலிருந்து தெருவில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போயே பழகிய மனிதர், அன்று கையை நீட்டியபடி, அடிமேல் அடி வைத்து என் பின்னால் வந்தார். பார்த்தவர்கள் மெச்சியிருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் பழையபடி முன்னால் போக வேண்டும், நான் ஓடிப்போய் எட்டிப்பிடித்துத் திட்ட வேண்டும் போலிருந்தது.