மீட்டர் பக்கத்துப் பெட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர், பிரேசர் டவுனிலிருந்து வந்திருந்த எங்கள் மகள் ரேவதி, கறிவேப்பிலை கேட்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டு மஞ்சுளாம்மா, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்த இன்டர்நெட் கம்பெனி கார்த்திக். அவ்வளவுதான். டிவியையும் சேர்த்தால் ஆறு. அது ஒன்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தது.

விவகாரமே அதைப் பற்றித்தான். வீட்டில் டிவி பார்ப்பது எதில்? மாடியில் டிஷ் ஆன்டெனா மாட்டியா, இப்போது இருக்கிற கேபிளிலா, இன்டர்நெட்டிலா?

என் கணவர் டிஷ் கட்சி. மாதச் சந்தா இல்லாத டிஷ் ஒன்று இருக்கிறதாம். அவருடன் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன யாரோ சொல்லியிருக்கிறார்.

"ஒரு தடவ காசு போட்டா போதும். மாடியில தட்ட மாட்டினா ஆயுசுக்கும் வரும்" என்றார்.

"யார் ஆயுசுக்கு, ப்பா?" என்றாள் ரேவதி. "கிழக்கால நாலு மாடி கட்டி வச்சிருக்காங்க, பாத்தீங்களா? உங்க தட்டு அவங்க பாத்ரூம் ஜன்னலத்தான் பாத்துக்கினு இருக்கும்."

மஞ்சுளாம்மா கறிவேப்பிலைக் கொத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு வேறு கவலை. எங்கள் ஜோகுபாளையத்தில் சாயங்காலம் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியாது. அந்தத் தட்டு பிய்த்துக்கொண்டு பறந்துபோய் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் போகிற யார் தலையிலாவது விழுந்தால்? போலீஸ் யார் வீட்டுக்கு வரும்? சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. என் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை எங்கள் வீட்டில் நிறுத்திப் பல வருஷமாகிறது. பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்குமாம்.

ஆனால் கார்த்திக் புதிது. வேலூர்க்காரர். மரியாதை தெரிந்த இளைஞர். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, இன்டர்நெட் லைன் போச்சுன்னா டிவியும் போயிடுமா?"

"ஆமா ஆன்டி."

"போன்லயும் அதே லைன்தானா?"

"வீட்ல இருக்கும்போது அதே வைஃபைதான்."

"அப்போ லைன் போச்சுன்னு உங்களுக்குச் சொல்றது எதுல?"

கார்த்திக் ரேவதியைப் பார்த்தார். ரேவதி கூரையைப் பார்த்தாள்.

மெனு முழுக்க இங்கிலீஷாக இருக்குமே என்ற பயமும் இருந்தது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கார்த்திக் அதற்கும் வழி சொன்னார். ரிமோட்டில் மைக் இருக்கிறதாம். நாம் பேசினால் போதும், அதுவே தேடிக் கொடுத்துவிடுமாம்.

"இவ பேசறத எல்லாம் தேடணுமா?" என்றார் என் கணவர். "பாவம் அது."

கேபிளுக்காகப் பேச யாருமே இல்லை. மாதா மாதம் முந்நூறு ரூபாய் கொடுக்கிறோம். நேற்று வந்த சேனல் இன்று வராது. கேட்டால் 'அது வேற பேக்கில போயிடுச்சு' என்பார் எங்கள் கேபிள்காரர் ரஃபி பாய். கடைசியில் இன்டர்நெட்தான் என்று முடிவானது. கார்த்திக் செவ்வாய்க்கிழமை வந்து மாட்டுவதாகச் சொன்னார். வாசல் பக்கம் ஒரு ப்ளக் பாயின்ட் மட்டும் காலியாக இருக்க வேண்டும்.

வாசலில் மீட்டர் பக்கத்தில் ஒரே ஒரு பாயின்ட் உண்டு. அதில் ஒரு இரும்புப் பெட்டி சொருகியிருந்தது. டிபன் பாக்ஸ் அளவு. ஓரத்தில் சிவப்புப் பொட்டு மாதிரி ஒரு விளக்கு. ஆறு வருஷத்துக்கு முன்பு நாங்கள் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோதே அது அங்கே இருந்தது. கேபிள் வயர் உள்ளே போய் வெளியே வரும். எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும்போல என்று விட்டுவிட்டோம்.

சாயங்காலம் என் கணவர் ரஃபி பாய்க்கு போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து கேபிள் வேண்டாம் என்று சொன்னார். நான் போய் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வேண்டாத பெட்டி சும்மா எதற்குச் சூடாக வேண்டும்? தீப்பிடித்தால்? பக்கத்திலேயே மீட்டர் வேறு. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் டிவியைப் போட்டார். படம் வரவில்லை.

"பாரு" என்றார் என் கணவர். "வேணாம்னு சொல்லி அரை மணி ஆகல, கட் பண்ணிட்டான். இந்த மாசம் முழுசுக்கும் காசு வாங்கினவன்."

நானும் நம்பினேன். டிவிக்குக் கீழே இருக்கிற செட்டாப் பாக்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது? மீட்டர் பக்கத்துப் பெட்டியை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பயப்படுகிறவர்கள் எல்லாவற்றையும் யோசிப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. நடக்காததை எல்லாம் யோசிப்போம்... நடந்ததை விட்டுவிடுவோம்.

திங்கட்கிழமை காலையிலேயே மஞ்சுளாம்மா வந்துவிட்டார்.

"சரோஜம்மா, உங்க வீட்ல டிவி வருதா? நம்ம மனேல வரல. ஏன்னு கொத்தில்லா, தெரியவே இல்ல. கீழ் வீட்லயும் வரலையாம்."

தெரு முழுக்க வரவில்லை. ரஃபி பாய் ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் ஏறினார். ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்தார், பூட்டினார். கீழே நின்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"பாய், மேல போயே உட்கார்ந்துக்கங்க. நாங்க அங்கயே வந்து சீரியல் கேக்கறோம், நீங்க கதை சொல்லுங்க."

"கம்பத்துக்கு வாடகை குடுக்கறீங்களா பாய், இவ்ளோ நேரம் இருக்கீங்க?"

நானும் ஜன்னலிலிருந்து இரண்டு வார்த்தை சேர்த்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. மாதம் முந்நூறு ரூபாய் கொடுத்தவள் இல்லையா?

ரஃபி பாய் கோபப்படவில்லை. ஏணியிலிருந்தே மஞ்சுளாம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க அம்மா. இந்தத் தெரு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். ஒக்கலிபுரத்துல என் மச்சான் லைன் பூரா இன்டர்நெட்டுக்குப் போயிடுச்சு. இதுவும் போச்சுன்னா வயர சுத்தி வச்சிட்டு, இந்த வயசுல பை மாட்டிக்கினு பார்சல் டெலிவரிக்குத்தான் போகணும்."

மஞ்சுளாம்மா, "சரி, நாளைக்கு சாயங்காலம். அதுக்கு மேல நானும் அந்த கார்த்திக்கிட்ட பேர் குடுத்துடுவேன்" என்றார். சும்மா சொல்லவில்லை. எங்கள் வரிசையில் பாதி வீடு அதற்குள் பேர் கொடுத்தாகிவிட்டது.

மத்தியானம் ரஃபி பாய் எங்கள் கதவைத் தட்டினார். "அண்ணா, ஒரு நிமிஷம் உள்ள பாக்கணும்."

"பாக்கறதுக்கு இன்னா இருக்கு? நாங்கதான் நிறுத்திட்டோமே" என்றார் என் கணவர். கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். ரஃபி பாய் இன்னொரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ரோஷக்காரர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கார்த்திக் வயர் சுருளோடு வந்தார். என் கணவர் பால் வாங்கப் போயிருந்தார். கார்த்திக் மீட்டர் பக்கத்தில் போய் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஆன்டி, இத எப்போ பிடுங்கினீங்க?"

"ஞாயித்துக்கிழமை. சூடா இருந்துச்சு. ஏன்?"

"இது உங்க வீட்டுப் பாக்ஸ் இல்ல ஆன்டி. தெருவுக்கே இங்கேருந்துதான் சிக்னல் போகுது. கேபிள்காரங்க யாராவது ஒரு வீட்ல இத மாட்டி, அந்த வீட்டு கரெண்ட்லயே ஓட்டுவாங்க. இது நின்னா இதுக்கு அப்புறம் இருக்கிற எல்லா வீடும் நின்னுடும்."

மீட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மீட்டரைப் பிடித்திருக்கிறோமே என்று பயந்து விட்டுவிட்டேன்.

கார்த்திக் குரலைத் தாழ்த்தினார். "ஆன்டி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இன்னிக்கு ஒரு நாள் அப்படியே இருக்கட்டுமே. இந்தத் தெருவால எனக்கு இந்த மாச டார்கெட் முடிஞ்சிடும். ஊருக்குப் போய் ரெண்டு நாள் தூங்கிட்டு வருவேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே ரஃபி பாய் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகு முழுக்க ஈரம். மஞ்சுளாம்மா கொடுத்த கெடு முடிகிற நேரம். நான் கண்ணை மூடிக்கொண்டு ப்ளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன்.

நான் இதுவரை அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. இரண்டு நாளாக ஆன் பண்ணியபடியே விட்டிருந்த டிவிக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. ஒரு வீட்டில் மாமியார் அழுதார். ஒரு வீட்டில் கன்னடச் செய்தி. ஒரு வீட்டில் யாரோ ஊறுகாய் விற்றார்கள். தெருவே கை தட்டியது.

ஏணி மேலே ரஃபி பாய் அப்போதுதான் ஒரு வயரைப் பூட்டி முடித்திருந்தார். தன் கையைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"பாத்தீங்களா? கனெக்டர்தான். அப்பவே நெனச்சேன்" என்றார்.

மஞ்சுளாம்மா அவருக்குக் காபி கொண்டு ஓடினார். நேற்று கதை சொல்லச் சொன்னவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்தான். எல்லாருக்கும் சந்தோஷம், அவருக்கும் பெருமை. ஆனால் எனக்கு யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது... நாளைக்கு மறுபடியும் லைன் நின்றால் இவர் கனெக்டரைத்தானே மாற்றிக்கொண்டிருப்பார்? கார்த்திக் வெளியே போய் யாரிடமாவது சொல்லிவிட்டால்? ரஃபி பாயைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். பால் பாக்கெட்டோடு என் கணவரும் வந்து சேர்ந்தார். சொல்லிவிட்டேன்.

ரஃபி பாய் எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தார். திரும்பி வந்தார். நான் திட்டுக்குத் தயாராக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதத்தான் அக்கா நேத்து பாக்கணும்னு வந்தேன்" என்றார். "சரி, போகட்டும். கரெண்ட் காசு குடுக்கிறவன் நான், நீங்க அத நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை..."

"எந்தக் காசு?" என்றேன்.

"பாக்ஸுக்கு ஓடற கரெண்ட்டுக்கு. மாசா மாசம். லைனும் உங்களுக்கு ஃப்ரீதானே?"

"ஃப்ரீயா? நாங்கதானே உங்களுக்கு முந்நூறு குடுக்கிறோம்?"

கார்த்திக் வயர் சுருளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். எங்களுக்கு முன்பு இந்த வீட்டில் இருந்தவரிடம், பெட்டிக்கு இடம் கொடுத்தால் லைன் இலவசம், கரெண்ட் காசும் உண்டு என்று ஒரு பேச்சு. அவர் காலி செய்த வருஷம் வசூலுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். அவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. கரெண்ட் காசை அவர் வசூலிலிருந்து கொடுத்துவிடுவதாக ரஃபி பாய் நினைத்துக்கொண்டிருந்தார். எல்லா வீட்டிலும் வாங்குவதை இங்கேயும் வாங்கிவிட்டார். நாங்களும் நல்ல பிள்ளைகளாகக் கொடுத்துவிட்டோம்... ஆறு வருஷம்.

"அரே" என்றார் ரஃபி பாய். தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் கணவர் மனக்கணக்கில் கெட்டிக்காரர். இருபதாயிரத்தைத் தாண்டிப் போனார். நான் ரஃபி பாயின் முகத்தைப் பார்த்தேன்.

"அவ்ளோலாம் வேணாங்க" என்றேன்.

"நீ சும்மா இரு."

"கரெண்ட் காச விட்டுடலாம். முதல் ரெண்டு வருஷத்தயும் விட்டுடலாம்."

"நீ யார் பக்கம்?" என்றார்.

பேரம் பேசி விலையைக் குறைப்பதை மார்க்கெட்டில் பார்த்திருக்கிறீர்கள். நம் வீட்டுக்கு வர வேண்டிய காசைக் குறைக்கச் சொல்லி நாமே பேரம் பேசுவதை? அன்று நான் பேசினேன். ஏழாயிரத்தில் வந்து நின்றது.

"மாசா மாசம் லைன்ல கழிச்சிக்கங்க அண்ணா" என்றார் ரஃபி பாய்.

"லைன்தான் ஃப்ரீயாச்சே பாய். ஃப்ரீயில எதக் கழிக்கிறது?" என்றார் என் கணவர்.

கார்த்திக் சிரித்தார். ரஃபி பாயும் சிரித்துவிட்டார். அன்றைய வசூலிலிருந்து ஆயிரத்து ஐந்நூறை எடுத்து டீப்பாயில் வைத்தார். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாகப் பேச்சு. வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பி, "தெரு எங்கயும் போகாம இருந்தா குடுத்துடுவேன் அக்கா" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதாதா எனக்கு?

இலவசமாக வருவதை விட்டுவிட்டு யார் இன்டர்நெட் வாங்குவார்கள்? கார்த்திக் வயர் சுருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். ரேவதி போனில், "உங்களத் திருத்தவே முடியாதும்மா" என்று வைத்துவிட்டாள். நான் மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். மஞ்சுளாம்மாவிடம், லைன் போனால் சொல்லக்கூட வழியில்லை என்றேன். கீழ் வீட்டில், ரிமோட் நாம் பேசுவதை எல்லாம் கேட்கும் என்றேன். மூன்றாம் வீட்டில், டிஷ் பறந்துபோய் யார் தலையிலோ விழுந்ததாகவே சொல்லிவிட்டேன். பேர் கொடுத்த வீடுகளில் முக்கால்வாசி வாபஸ். ரஃபி பாய் இப்போது என்னைப் பார்த்தால் ஏணி மேலிருந்தே சலாம் வைக்கிறார்.

போன வாரம் காய்கறி வண்டி பக்கத்தில் கார்த்திக்கைப் பார்த்தேன்.

"ஏன் ஆன்டி, என்னைக் கூப்பிட்டதே நீங்கதானே? இப்போ தெருவுக்கே கேபிள்தான் நல்லதுன்னு சொல்றீங்களாமே? அப்படி இன்னா இருக்கு அதுல?"

"நம்ம தெரு ஆளு, தம்பி. நாமதானே பாத்துக்கணும்" என்றேன்.

உங்களிடம் மறைப்பானேன்? ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி இருக்கிறது.