ஐம்பது என்று எழுதியவள்

பட்டறையில் அவளைப் 'பெயின்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். உடற்பயிற்சிக் கூடங்களுக்கான இரும்புச் சாமான்கள் செய்யும் பட்டறை அது. முன்பக்கம் வெல்டிங், நடுவில் கடைசல், கடைசியில் தகரக் கூரை போட்ட பெயின்ட் கொட்டகை. வார்ப்படச் சாலையிலிருந்து வரும் எடைத் தட்டுகளைக் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் கறுப்பு அடித்து, முடிவில் அச்சுத் தகட்டை வைத்து வெள்ளையில் எண் போடுவாள். ஐந்து, பத்து, இருபது. பதினேழு வருடமாக இதே வேலை. இருபது கிலோத் தட்டை இடுப்பில் சாய்த்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொக்கியில் மாட்டுவாள். எண்ணைப் பார்க்காமலேயே தட்டின் எடையைச் சொல்லிவிடுவாள்.

அவள் கணவன் சிமென்ட் கிடங்கில் சுமை தூக்குகிறவன். கிடங்கில் அவனுக்குக் 'கிரேன்' என்று பெயர். மற்றவர்கள் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்ற இன்னொருவரைக் கூப்பிடும்போது, அவன் யாரையும் கூப்பிடாமல் தானே குனிந்து, தானே ஏற்றி, லாரிப் பலகையில் ஓட்டமாக ஏறுவான். நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பலகையின் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, "இதயத்துல மூணுல ஒரு பங்குதான் வேலை செய்யுது. இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது" என்றார். காலையில் இரண்டு மாத்திரை, இரவில் ஒன்று. உயிர் உள்ளவரைக்கும்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. தண்ணீர்க் குழாய் கீழே. அவள் இரண்டு குடத்தோடு ஏறி வருவதை அவன் படிக்கட்டின் தலைப்பில் நின்று பார்ப்பான். பார்க்காமல் உள்ளே இருக்கவும் முடியாது, இறங்கி வந்து வாங்கவும் முடியாது. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேலியாக, "கிரேனுக்கு லீவா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மனைவி தண்ணீர் கொண்டுவரும் நேரத்தில் அவன் மொட்டைமாடிக்குப் போய்விடுவான்.

அந்த நேரத்தில்தான் டிவி போதகர் வீட்டுக்குள் வந்தார். கொண்டுவந்தது அவனுடைய தங்கை. அடுத்த தெருவில் தையல் மிஷின் வைத்திருந்த விதவை. அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதைச் சகிக்காமல், "இவர் பேசுறதைக் கொஞ்சம் கேளுண்ணே, மனசு லேசாகும்" என்று சேனலைத் திருப்பிக் காட்டினாள். போதகருக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு வெள்ளத்தில் செத்தவர்களை எல்லாம் பாவிகள் என்று சொல்லி ஊர் முழுக்கத் திட்டு வாங்கியவர். அவருடைய பழைய டிரைவர் அவர் மேல் வழக்கு வேறு போட்டிருந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டி, "என் கால்களால் தொள்ளாயிரம் கிலோவைத் தள்ளுகிறேன். மருந்தில்லை, மாத்திரையில்லை. விசுவாசம்!" என்று சொல்லும்போது, அவளுடைய கணவன் நிமிர்ந்து உட்காருவான்.

அவர் எடை தள்ளும் படத்தை முதல் தடவை டிவியில் காட்டியபோதே அவள் தட்டுகளை எண்ணிவிட்டாள். போதகர் ஒரு சாய்வு மெஷினில் படுத்து இரண்டு காலாலும் தள்ளுகிறார். அவளுக்கு அந்த மெஷின் அத்துப்படி.

"இங்க பாருங்க. ஒரு பக்கக் கம்பியில எட்டுத் தட்டுக்கு மேல ஏறாது. ரெண்டு பக்கமும் சேத்துப் பதினாறு. எல்லாமே இருபதுன்னு வச்சாலும் முந்நூத்தி இருபது. தொள்ளாயிரம் எங்கிருந்து வந்துச்சு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"சந்தேகம் இல்லங்க. கணக்கு."

"பலம்கிறது கணக்குல வராது. இருந்தவனுக்குத்தான் தெரியும்" என்றான் அவன். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவன் முகத்தில் ரத்தம் ஓடுகிறதே, அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

எட்டு மாதம் கழித்து முதலாளி பட்டறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார். ஒரு விசேஷ ஆர்டர். சாய்வு மெஷின் ஒன்று, பக்கக் கம்பிகள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு நீளம். தட்டுகள் நாற்பது. "மேடைக்குப் போற சாமான். தூக்கிட்டுப் போறதுக்கு லேசா இருக்கணும். வெளிய யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். வெல்டர் இரண்டு மெல்லிய தகடுகளை வட்டமாக வெட்டி, நடுவே வெற்றிடம் விட்டு, சுற்றிலும் பட்டை வைத்து ஒட்டினார். கொட்டகைக்கு வந்த முதல் தட்டை அவள் வழக்கம்போல இடுப்பைக் கொடுத்து இரண்டு கையாலும் தூக்கினாள். அது தலைக்கு மேலே போய்விட்டது. தடுமாறிப் பின்னால் இருந்த டப்பாவில் மோதிக்கொண்டாள். வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரெண்டு கிலோ தேறுமா அண்ணே?"

"ரெண்டுகூட இருக்காதுக்கா. இதுல ஐம்பதுன்னு போடச் சொல்லியிருக்காரு. அச்சு இந்தா."

ஐம்பது என்ற அச்சை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. புதிதாக வெட்டியிருந்தார்கள். நாற்பது தட்டிலும் அவளே எழுதினாள். ஒன்றுகூடக் கலையவில்லை, வழியவில்லை. சாமான் ஏற்ற வந்த வண்டியில் போதகரின் படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். கணவன் கேட்டுக்கொண்டிருந்தான். தங்கையும் இருந்தாள்.

"என் கையால எழுதினேங்க. உள்ள வெறும் காத்து."

"மேடைக்கு லேசா செஞ்சிருப்பாங்க. வீட்ல நெஜத்தைத் தூக்குவாரு" என்றான்.

"வீட்ல தூக்குறவர் மேடையில எதுக்குக் காத்தைத் தூக்கணும்?"

தங்கை, "அண்ணி, பெரியவங்களைப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்றாள். அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அங்கிருந்தபடியே சொன்னான்: "நான் நல்லாயிடக் கூடாதுன்னு இருக்கு உனக்கு. நான் இப்படியே உக்காந்திருந்தாத்தான் நீ தூக்குறது எல்லாருக்கும் தெரியும்."

இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் அவன் சொன்ன ஒரே கொடிய வார்த்தை அது. அவள் அடுப்படிக்குப் போய், பற்ற வைக்காத அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

கூட்டம் விளையாட்டு மைதானத்தில் நடந்தது. மாலை நான்கு மணிக்கே இடமில்லை. அவளும் போனாள். போகாமல் அவனைத் தனியே விட அவளுக்குத் தைரியம் இல்லை. போதகர் இரண்டாயிரம் கிலோ என்று அறிவித்துவிட்டு, மெஷினில் படுத்து நாற்பது தட்டையும் காலால் தள்ளினார். முகத்தைக் கோணி, பல்லைக் கடித்து, ஒரு முக்கல் முக்கினார். சனம் எழுந்து நின்று அழுதது. பிறகு அவர் ஒலிபெருக்கியில், "நோயாளிகளே, மேலே வாருங்கள்! உங்கள் பெலவீனத்தைத் தூக்கி எறியுங்கள்!" என்று கூப்பிட்டார். தங்கை அண்ணன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் மனைவியைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டான்.

மேடையில் ஒரு தட்டைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். அவன் கிடங்கில் குனிகிற மாதிரியே, காலை அகட்டி, முதுகை நேராக வைத்துக் குனிந்தான். கை தட்டில் பட்டது. அப்படியே இரண்டு மூச்சு நேரம் குனிந்த நிலையில் நின்றான். பெரிய திரையில் அவன் முகம் தெரிந்தது. முப்பது வருடம் மூட்டை தூக்கிய கை அது. ஒரு மூட்டையில் ஒரு கிலோ குறைந்தாலும் சொல்லிவிடும். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எறிந்துவிட்டு இறங்கி வாங்க, இறங்கி வாங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அவன் தட்டைத் தலைக்கு மேல் தூக்கினான். மைதானம் அதிர்ந்தது.

"என்ன தொழில் மகனே?" என்று கேட்டார் போதகர்.

"மூட்டை தூக்கிட்டிருந்தேங்க ஐயா. நெஞ்சுவலி வந்து மூணு வருஷமா சும்மா இருக்கேன்."

"இப்போ எவ்வளவு தூக்கியிருக்கிறாய்? சத்தமாகச் சொல்!"

அவன் தலையை அண்ணாந்து அவள் எழுதிய எண்ணைப் பார்த்தான். "ஐம்பது" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது முன்சீட்டில் தங்கை தேம்பிக்கொண்டே வந்தாள். பின்சீட்டில் மனைவி அவன் காதருகே கேட்டாள். "ஏங்க, கையில தெரிஞ்சுதுல்ல?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "அத்தனை பேர் கைதட்டுனாங்க" என்றான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. அவள் கெஞ்சினாள், சோற்றில் பொடித்துக் கலந்தாள், அவன் கண்டுபிடித்துத் தட்டை நகர்த்தி வைத்தான். நான்காம் நாள் காலை அவள் பட்டறைக்குக் கிளம்பிப் போனதும், பெட்டியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனான். கூட்டத்தில் அவனைப் பார்த்திருந்த மேஸ்திரி மறுப்பே சொல்லவில்லை. பதினோரு மணிக்குப் பட்டறை போன் அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டுவிட்டு ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

நான்கு மூட்டை ஏற்றியிருக்கிறான். ஐந்தாவதோடு பலகையின் உச்சி வரைக்கும் போய், மூட்டையை லாரிக்குள் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, அதன் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டான். களைப்பாறுகிறான் என்று நினைத்தார்களாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவனுடைய பழைய கூட்டாளி, கிடங்குக்காரன், வந்து உட்கார்ந்தான். "காலையில டீ குடிக்கும்போது கேட்டேன் அண்ணி. தட்டு எப்படிண்ணே இருந்துச்சுன்னு. 'அதுல ஒண்ணுமே இல்லடா'ன்னாரு. அப்படி ஒரு பலம் வந்திருக்கு, கனமே தெரியலன்னு சொல்றார்னு நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அப்புறம், 'ஒரு நெஜ மூட்டையைத் தூக்கிப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்'னு எழுந்து போனாரு."

அவள் அதைக் கேட்டு அழவில்லை. 'ஒண்ணுமே இல்லை' என்ற உண்மையைக் கூட்டாளியிடம் சொன்னவன், தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவளை அறுத்தது. சொல்லியிருந்தால் இவள் என்ன, 'நான் அப்பவே சொன்னேன்' என்றா குத்திக் காட்டியிருப்பாள்? யோசித்துப் பார்த்தாள். ஒருவேளை சொல்லியிருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் டிவியில் வந்தான். தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். கீழே, 'இதய நோயிலிருந்து விடுதலை! இன்று மீண்டும் வேலைக்குச் செல்கிறார்' என்று எழுத்து ஓடியது. தங்கைதான் முதலில் பார்த்தாள். டிவியை அணைத்துவிட்டுத் தெருவில் வெறுங்காலோடு ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள்.

"அண்ணி, நெஜமாவே அதுல ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

"நான்தானே கையைப் பிடிச்சு இழுத்தேன்."

"எழுதினது நான்" என்றாள் அவள்.

அந்தக் காட்சியை நிறுத்தச் சொல்ல இருவரும் சேனல் ஆபீசுக்குப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சாட்சி வீடியோவை நிறுத்தணும்னா சாட்சி சொன்னவரே நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும்மா." அவள் இறப்புச் சான்றிதழைத் தடுப்பின் கீழே நகர்த்தினாள். அந்தப் பெண் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "மேல சொல்றேன்" என்றாள். பிறகு தயக்கத்தோடு, "ஏதாவது ஜெப விண்ணப்பம் எழுதித் தரீங்களா?" என்று கேட்டாள். காவல் நிலையத்தில், "அவரா போனாரு, அவரா தூக்குனாரு. இதுல யாரைம்மா பிடிக்கிறது?" என்று கேட்டார்கள். ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. போதகர் தரப்பு அதை அவிசுவாசிகளின் சூழ்ச்சி என்றது. வெல்டர் சாட்சி சொல்லப் பயந்தார். முதலாளி அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல், "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார்.

பதினொரு வாரம் அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் தட்டைத் தூக்கினான். பிறகு அவனைவிடப் புதிய சாட்சி கிடைத்ததால் நிறுத்திவிட்டார்கள். போதகர் இப்போது மூவாயிரம் கிலோ என்கிறார்.

அவள் இப்போது ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறாள். எண் எழுதும் வேலை இல்லை. தங்கை மிஷினை எடுத்துக்கொண்டு அவளோடே வந்துவிட்டாள். கீழேயிருந்து தண்ணீரை இருவரும் ஆளுக்கொரு குடமாக எடுத்து வருகிறார்கள். தெருவில் பாதிப்பேர் அவளோடு பேசுவதில்லை. புருஷன் செத்த துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள்.

போன மாதம் ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். அப்பா லாரி டிரைவராக இருந்தவர். படி ஏறியதில் மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. "எங்கப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு. பத்திரிகையில வந்தது நீங்கதானே? கொஞ்சம் சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். தகடு, பட்டை, அச்சு, மேடை, பலகை, ஐந்தாவது மூட்டை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "நீ சொல்றது பொய்னா?" என்றார்.

"இருக்கலாம் ஐயா. நான் ஏற்கெனவே நாற்பது பொய் எழுதினவதான். ஆனா டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்கே தெரியுமில்ல."

அவர் எழுந்தார். மகள் கையைக் கொடுத்தாள், அவர் வாங்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கிப் போனார். மாத்திரை சாப்பிடுகிறாரா இல்லையா என்று இதுவரை தகவல் இல்லை.