எனக்கு அடுத்து உட்கார்ந்தவர்

முதுநகரில் ஏறிச் சிதம்பரம் போகும் காலை ரயிலில், முழங்கால்களின் மேல் துண்டை விரித்து ரம்மி ஆடும் வழக்கத்தைத் தொடங்கியவன் நான். பிறகு வந்து சேர்ந்தவர் அந்த வங்கிக் குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, ஈரம் காயாத தலை. சீட்டுகளை இனம் பிரித்து அடுக்கவே மாட்டார். கலைந்தபடியே பிடித்துக்கொண்டு ஜெயிப்பார். அவர் வராத நாளில் மற்றவர்களுக்கு ஆட்டமே வேண்டாம். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ரம்மியில் ஒருவர் கழிக்கும் சீட்டை அடுத்தவர்தான் எடுக்க முடியும். அவருக்கு முன்னால் ஆடியது அவருடைய மச்சான். ஒருநாள் எல்லாருக்கும் கேட்கும்படி, "மச்சான் பாத்துப் பாத்துப் போடுறாரு, மாமா ஜெயிக்கிறாரு" என்றேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அடப் போங்க சார், இவன் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்ல, சீட்டா குடுப்பான்?" என்று சிரித்தார். ஆனால் மறுநாள் எனக்கு அடுத்து வந்து உட்கார்ந்தார். அவருக்கு உதவக்கூடிய சீட்டையெல்லாம் கழிக்காமல் வைத்திருந்து என் ஆட்டத்தையே கெடுத்துக்கொண்டேன். அன்றும் அவர்தான் ஷோ வைத்து ஜெயித்தார்.

"இன்னிக்கு யாரு சார் குடுத்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பின் அவர் வேறு பெட்டியில் ஏறினார். மற்றவர்களும் அங்கே போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து நடைமேடையில் என்னைப் பார்த்து, "ஒரு கை கொறையுது சார், வாங்க" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என்னைக் கூப்பிட அவருக்கு எப்படி மனம் வந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.