நான் மாற்றிச் சொன்னது

என் கணவரின் உடம்பில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் கிளினிக்கில் என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸ். டியூட்டி முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்தவர் வரவேற்பறை நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவள் போகிற போக்கில் நின்று, அவருடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, "சிஸ்டர், உன் வீட்டுக்காரருக்கு இன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார். கண்ணில் சிவப்பே இல்லை" என்றாள்.

நான் பதினைந்து வருடமாக நர்ஸ். தினமும் முப்பது நாற்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன். வீட்டில் பக்கத்தில் படுத்திருக்கிறவர், "வெயில்ட்டி, வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னதை நான்கு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஓமானின் இந்த சோஹாரில் கோடையில் எல்லோருமே களைத்துத்தான் இருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று அவர் கையில் ஊசியைக் குத்தியபோது அவர் சிரித்தார். "பொண்டாட்டி கையால குத்து வாங்குற பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும்?" என்றார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். இருபத்திரண்டு வயதில் சவூதியில் தம்மாமுக்குப் போனவர். அங்கே பத்து வருடம் கேம்ப் வாழ்க்கை. ஒரே அறையில் எட்டுப் பேர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. கல்யாணம் முடிந்தும் லீவுக்கு லீவுதான் நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவருக்கு சோஹாருக்கு வேலை மாறியது, எனக்கும் இங்கேயே கிளினிக்கில் இடம் கிடைத்தது. மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது மூன்று பேரும் முதன்முதலாக ஒரே வீட்டில் வாழ ஆரம்பித்தோம். அப்போது மகள் அவரைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பழக ஒரு மாதம் ஆனது. இப்போது அவளுக்குப் பதினொன்று. என்னைவிட அவரிடம்தான் அவளுக்கு எல்லாம்.

பெருங்குடலில் கட்டி என்றார்கள். கல்லீரலுக்கும் பரவியிருந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டை மஸ்கட் ஆஸ்பத்திரியின் நடைபாதையில் நின்றபடி நான்தான் முதலில் படித்தேன். ஒரு நர்ஸ் அதைப் படிக்கக்கூடாது. மற்றவர்களுக்குப் புரியாத வார்த்தைகள் அவளுக்குப் புரிந்துவிடும்.

புற்றுநோய் டாக்டர் சூடான்காரர். உயரமானவர், மெதுவான குரல். நோயாளிகளோடு அரபியில் பேசுவார், எங்களோடு ஆங்கிலத்தில். என் கணவருக்கு ஆங்கிலம் ஓரளவுதான் வரும். கிரேனில் ஏற்று, இறக்கு, நிறுத்து என்கிற ஆங்கிலம். அதனால் டாக்டர் சொல்வதை நான் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு. அந்த முதல் நாளில் டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இந்த நோயைக் குணமாக்க முடியாது, சிகிச்சை காலத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கும் என்றார்.

என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னட்டி சொல்றாரு?"

"குணமாகக் கொஞ்சம் காலம் நீளுமாம்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. டாக்டர் சொன்ன வார்த்தைகள்தான், வரிசைதான் வேறு. அவர் தலையாட்டினார். "நீண்டா நீளட்டும். பொறுத்துக்கிடுவோம்" என்றார். நான் டாக்டரைப் பார்க்காமல் பைலை எடுத்துப் பையில் வைத்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ. முதல் நாள் மதியம் மகளை மேல்மாடியில் இருந்த மலையாளிக் குடும்பத்திடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவோம். சோஹாரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்குவோம். காலையில் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரி. அந்த ஹோட்டல் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு தையல் கடையும், சேலைக் கடையும் தெரியும். அவருக்கு அந்த ஜன்னல் பிடிக்கும். "ஊருக்குப் போன மாதிரியும் இருக்கு, போகாத மாதிரியும் இருக்கு" என்பார்.

காறை எலும்புக்குக் கீழே, தோலுக்குள் மருந்து ஏற்றுவதற்காகச் சின்னதாக ஒன்று பொருத்தினார்கள். அதற்குப் பெயரும் போர்ட் என்றதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இத்தன வருஷமா நான் போர்ட்ல வேல பாத்தேன். இப்ப போர்ட் எனக்குள்ள வந்து வேல பாக்குது" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த வங்காளி பாய்க்கும் ஹிந்தியில் விளக்கினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த மருந்து ஏறியவர்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்துவது போல இருக்கும், குளிர்ந்த காற்றை இழுத்தால் தொண்டை அடைக்கும். கல்ஃபில் குளிர்ச்சி இல்லாத இடம் எங்கே இருக்கிறது? பஸ்ஸில் ஏசி, ஆஸ்பத்திரியில் ஏசி, டாக்ஸியில் ஏசி. வெளியே வெயில் நாற்பத்தைந்தைத் தாண்டும்போது அவர் கையில் கம்பளி உறையும் கழுத்தில் மப்ளரும் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் பிரிட்ஜைத் திறப்பது மகளின் வேலை ஆனது. "அப்பா, டோன்ட் டச்! ஐ வில் டூ இட்" என்று ஓடி வருவாள். வெந்நீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பாள்.

ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து போக, ஒரு சின்ன பாட்டிலை இடுப்பில் கட்டி அனுப்புவார்கள். இரண்டு நாள் அது துளித்துளியாக உள்ளே போகும். அதைக் கழற்றுவதற்காக மறுபடி மஸ்கட் போக வேண்டாம், மனைவி நர்ஸ்தானே என்று என்னிடம் விட்டார்கள். சனிக்கிழமை காலைகளில் சமையலறை ஸ்டூலில் அவரை உட்கார வைத்து, கை கழுவி, உறை போட்டு, போர்ட்டில் இருக்கும் அந்த ஊசியை எடுப்பேன். யாருக்குச் செய்தாலும் நடுங்காத கை அங்கே நடுங்கும். அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கையைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்றுதான் அப்படித் திருப்பிக்கொண்டார் என்பது வெகுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

முதல் ஆறு மாதம் மருந்து வேலை செய்தது. கட்டிகள் சுருங்கியிருந்தன. அந்த ஸ்கேன் முடிவை நான் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அவர் கம்பெனியில் லேசான வேலைக்குப் போனார், மகளுக்கு பார்க்கிங் இடத்தில் சைக்கிள் கற்றுக் கொடுத்தார். நானே என் பொய்யை நம்ப ஆரம்பித்தேன். டாக்டர் என்ன சொன்னாலும் அதில் நல்லதை மட்டும் எடுத்துத் தமிழில் கொடுப்பது எனக்குக் கைவந்துவிட்டது. டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவார். நான் இரண்டு வரியில் முடிப்பேன். "இவ்வளவுதான் சொன்னாரா?" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அழுகை வந்தால் கிளினிக்கின் ஸ்டோர் ரூமில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

பத்தாவது மாதத்தில் எடுத்த ஸ்கேன் மோசமாக வந்தது. அன்று டாக்டர் அறையில் ரத்த ரிப்போர்ட் ஒன்று குறைகிறது என்றார்கள். அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு லேபுக்குப் போனேன். திரும்பி வரும்போது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அரபிப் பேச்சு கேட்டது. ஒரு குரல் டாக்டருடையது. இன்னொன்று என் கணவருடையது.

அவருக்கு அரபி தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கடையில் விலை கேட்பார், போலீஸ்காரனுக்கு சலாம் சொல்வார், வேலை முடிந்தால் 'யல்லா, கலாஸ்' என்பார். அந்த அளவுதான் என்று நினைத்திருந்தேன். தம்மாமில் பத்து வருடம் எகிப்துக்கார போர்மேன்களோடு வேலை பார்த்தவர் எவ்வளவு கற்றிருப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை. உள்ளே அவர் நிறுத்தி நிதானமாக எதையோ கேட்டார். டாக்டர் பதில் சொன்னார். அவர் இன்னொன்று கேட்டார்.

நான் உள்ளே போனதும் இருவரும் நிறுத்தினார்கள். டாக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், பிறகு அவரைப் பார்த்தார், பேச்சை விட்டுவிட்டார்.

"விடுட்டி. எனக்குத் தெரியும்" என்றார் என் கணவர்.

"என்ன தெரியும்?"

"எல்லாம். ரெண்டாவது தடவ வந்தோம்லா, நீ மருந்து வாங்கப் போன. அப்பவே கேட்டுட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்களிடம் சொல்லவேண்டாம் என்று இவர்தான் கேட்டுக்கொண்டார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்று ரூவி பஸ் நிலையத்தில் மதிய வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

"பத்து மாசமா தெரிஞ்சுக்கிட்டு, 'என்னட்டி சொல்றாரு'ன்னு எங்கிட்ட கேட்டீங்க. நான் என்ன பைத்தியக்காரியா?"

"கோவப்படாத. நீ அவ்ளோ பாடுபட்டு மாத்திச் சொன்ன. அதக் கெடுக்க மனசு வரல." பஸ் வரும் திசையைப் பார்த்தார். "அதுவுமில்லாம, நீ சொல்லும்போது கேக்க நல்லா இருந்துச்சு. அந்த ரெண்டு வரிக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தேன்னு வச்சுக்கோயேன்."

"தனியா எப்படிங்க தாங்குனீங்க?"

"நீ எப்படித் தாங்குன?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வழியில் பர்கா என்கிற ஊரைத் தாண்டும்வரை நான் அசையவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு மூலையில் பத்து மாதம் அழுதிருக்கிறோம். சேர்ந்து அழுதிருக்கலாம். அந்தப் பத்து மாதம் எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

அதன் பிறகு எங்களுக்குள் மறைக்க எதுவும் இல்லை. என்ன செய்வது என்று பேசினோம். ஊருக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை.

"ஊர்ல எனக்கு என்ன இருக்கு? லீவுக்குப் போன எடம். நாம குடும்பமா இருந்தது இந்த வீட்லதான். அங்க போனா தெனமும் பத்துப் பேரு வந்து பாத்து அழுவாங்க. நான் அவங்களத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பில்ல."

"பிள்ளைகிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்லுதேன். நீ சொன்னா மாத்திச் சொல்லிருவ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அவரும் மகளும் தண்ணீருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். நான் தூரத்தில் கல் மேல் இருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள், பிறகு எழுந்து வேகமாகக் கொஞ்ச தூரம் நடந்து போனாள். அவர் கூப்பிடவில்லை. அவளாகவே திரும்பி வந்து, அவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இருட்டும்வரை அப்படியே இருந்தார்கள்.

கடைசி மூன்று வாரம் சோஹார் ஆஸ்பத்திரியில் இருந்தார். என் லீவு முழுக்கத் தீர்ந்திருந்தது. காலை டியூட்டிக்குப் போய்விட்டு மதியம் வந்து இரவெல்லாம் இருப்பேன். அன்று காலை அவருக்கு மூச்சு ஒரு மாதிரி இருந்தது. "இன்னைக்கு நான் போகல" என்றேன். "போய்ட்டு வா. இங்க உக்காந்து என் மூச்ச எண்ணிக்கிட்டு இருக்காத" என்றார். போனேன். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குழந்தைக்கு ஊசியைப் போட்டு முடித்து, பஞ்சை வைத்து அழுத்தி, தாயிடம் கொடுத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். எனக்குத் தெரிந்திருந்தது.

அவரோடு கடைசியாக இருந்தது அந்த வார்டு நர்ஸ். மலையாளிப் பெண், சின்னவள். அவர் மணி என்ன என்று கேட்டாராம், அவள் சொன்னாளாம், சரி என்றாராம். அவ்வளவுதான். நிறையப் பேருக்கு நானும் அப்படிக் கடைசி ஆளாக இருந்திருக்கிறேன். என் கணவருக்கு இருக்கவில்லை.

காகிதங்கள் முடிய நான்கு நாள் ஆனது. அவருடைய பாஸ்போர்ட்டில் கேன்சல் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். துறைமுகக் கேம்பிலிருந்து அவரோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு வேன் நிறைய வந்தார்கள். மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் போகும் விமானத்தில் கீழே பெட்டியில் அவர், மேலே பதினேழாவது வரிசையில் நானும் மகளும். பணிப்பெண் சாப்பாடு கொண்டு வந்தாள். மகள் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வாங்கித் திறந்து சாப்பிட்டாள். எனக்கும் பசித்தது. இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோறு, பருப்பு, சின்னக் கிண்ணத்தில் இனிப்பு, எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து நாங்கள் இருவரும் திரும்பி வந்துவிட்டோம். பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பாலைவனத்துக்கு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்றேன். முதல் நாள் டியூட்டியில் கட்டுப் போட வந்த ஒரு பாகிஸ்தானி டிரைவர், அடிக்கடி வருகிறவர், என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கேட்டார்: "சிஸ்டர், சுட்டி கதமா?"

லீவு முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"கதம், பாய். கையை நீட்டுங்க" என்றேன்.