மோட்டருக்குள் ஒரு கூனி

கல்யாணம், காணி, கடன் எதிலும் றஜிதாவை யாரும் யோசனை கேட்பதில்லை. மோட்டர் என்றால் மட்டும் புளியந்தீவில் அவள் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. வவுணதீவு வயல் வட்டைகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிப் பழகிய கை, இப்போது மின்சாரக் கார்களையும் பார்க்கிறது. பக்கத்து வீட்டு யோசேப்பை மின்சாரக் கார் வாங்கச் சொன்னவளும் அவள்தான். அந்தக் கார் அவருடைய மகள் ஷெரோனின் கல்யாணக் காலையில் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அசைய மறுத்தது.

"உன்ட பேச்சைக் கேட்டன் புள்ள," என்றார் யோசேப். "இனி என்ட மச்சான்ட டீசல் வேன்லதான் பொம்பிளை போகணும். அவன் இப்பவே வேனுக்குப் பூக் கட்டுறான்."

அந்த வேன் கிளம்பினால், நாளை மின்விசிறி பழுதுபார்க்கக்கூட இந்தத் தெருவில் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று றஜிதாவுக்குத் தெரியும்.

கையுறை மாட்டி, பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டித்து, சற்றுப் பொறுத்தாள். மோட்டருக்குப் போகும் வயர்களைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியே மெகர் மீட்டரால் சோதித்தாள். மின்சாரம் காரின் உடம்புக்குத் தாவாமல் காக்கும் காப்பு பற்றரிப் பக்கம் நன்றாக இருந்தது. மோட்டர் பக்கம் அளவு படுத்துக் கிடந்தது.

"மோட்டர்ல கசியுது மாமா."

யோசேப் ஓடிப்போய் மீன் கழுவும் பேசினைக் கொண்டுவந்து காருக்கடியில் வைத்தார்.

"கரண்ட் கசியுது மாமா! அது பேசினுக்குள்ள விழாது. காரைக் கழுவினீங்களா?"

"கழுவினன். கிணத்துத் தண்ணிதான்."

றஜிதா மோட்டரின் இணைப்புப் பெட்டியைத் திறந்தாள். சீல் விலகியிருந்தது. உள்ளே உப்புப் பூத்திருந்தது. உப்பின் நடுவில் ஒரு கூனி இறால் காய்ந்து சுருண்டிருந்தது.

"உங்கட கிணத்துல கூனியும் படுதோ?"

"கிணத்துத் தண்ணி சமையலுக்கு வேணுமெண்டாங்க. வாவி உப்புத் தண்ணிய பம்பால கொஞ்சம் அடிச்சன்…"

உப்பை மருந்தடித்துத் துடைத்தாயிற்று. இனி உலர்த்த வேண்டும். றஜிதா உள்ளே போய் ஷெரோனின் கையிலிருந்த ஹெயார் ட்ரையரைப் பறித்தாள்.

"அக்கா! பாதித் தலை ஈரம்!"

"உன்ட தலைய முக்காட்டு நெற் போட்டு மறைக்கலாம். மோட்டருக்கு என்னத்தப் போடுற?"

சூடான காற்றில் மீட்டரின் அளவு மெல்ல ஏறி, நல்ல இடத்தில் நின்றது. புதிய சீல் போட்டு, திரும்பவும் சோதித்து, வயர்களைப் பூட்டி, பற்றரியை இணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

யோசேப் உடனே போனை எடுத்தார்.

"மச்சான், வேன்ல கட்டின பூவைக் கழட்டிக்கொண்டு இங்க வா. ஓம், கார் சரி. மோட்டருக்குள்ள கூனி பூந்திட்டு. கூனி… ஓம், இறால்தான்… இல்ல மச்சான், சத்தியமா, நான் இன்னும் குடிக்கல."